தணுக்குது

"அம்மா, தணுக்குது."

ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து நாலாவது நாள். கொச்சி மட்டாஞ்சேரியின் சேர்லாயில் எங்கள் வீட்டு வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கி, குடையை இழுத்துக்கொண்டே படியேறி வந்த என் மகள் சொன்ன முதல் வார்த்தை அது. உதடு வெளிறியிருந்தது. விரல் நுனிகள் ரொம்ப நேரம் தண்ணீரில் ஊறியதுபோலச் சுருங்கியிருந்தன. ஷூவைக் கழற்றிக் கவிழ்த்தேன். கால் டம்ளர் தண்ணீராவது வழிந்திருக்கும். அன்றைக்கு மட்டாஞ்சேரியில் வெப்பநிலை 24 டிகிரி. ஊட்டியில் பிறந்து வளர்ந்த எனக்கு 24 டிகிரி என்றால் நல்ல வெயில் நாள். இந்த ஊரில் ஒரு பிள்ளைக்குக் குளிரும் என்பதே அதுவரை என் புத்தியில் ஏறவில்லை.

அது 2018 ஜூன். இப்போது அவள் எட்டாம் வகுப்பு, தம்பி இரண்டாம் வகுப்பு. நடுவில் கோவிட் காலத்தில் இரண்டு ஜூன்கள் பள்ளிக் கதவே திறக்கவில்லை. மீதி எல்லா ஜூனிலும் ஒரே போராட்டம்தான்: யூனிஃபார்முக்குள் இருக்கும் பிள்ளையைக் கதகதப்பாக வைத்திருப்பது எப்படி? ஸ்வெட்டர் தேவைப்படாத ஊரில் இந்தக் கேள்வி வருமா என்று கேட்பவர்கள் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையில் கொச்சிக்கு ஒருமுறை வந்து பார்க்க வேண்டும்.

நான் அறிந்திருந்த குளிர் வேறு. ஊட்டியில் ஜனவரி மாதம் விடிகாலையில் புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளையாகக் கிடக்கும். அம்மா கணப்புக்குப் பக்கத்தில் எங்கள் யூனிஃபார்மைக் காட்டி, சூடு ஆறும் முன் உடுத்திவிடுவாள். முதலில் பனியன், அதன்மேல் சட்டை, அதன்மேல் நீல ஸ்வெட்டர், காதை மூடி குல்லா. பத்து மணிக்கு வெயில் வந்துவிடும். பதினொரு மணி இடைவேளையில் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடுவோம். அங்கே குளிர் என்பது மேலே போர்த்திக்கொண்டால் அடங்குகிற ஒன்று. தமிழ்நாட்டு அரசுக்கும் அது தெரிந்திருக்கிறது. மலைப்பகுதிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லாக் கம்பளிச் சட்டை, மழைக்கோட்டு, பூட்ஸ், காலுறை என்று தனியாகவே ஒரு திட்டம் வைத்திருக்கிறார்கள்.

அதனால் மகள் தணுக்குது என்று சொன்ன மறுநாள் காலை நான் செய்தது, என் அம்மா செய்திருக்கக்கூடியதைத்தான். பெட்டியைத் திறந்து ஒரு ஸ்வெட்டரை எடுத்தேன். சட்டைமேல் அதைப் போட்டு, அதற்குமேல் பிளாஸ்டிக் மழைக்கோட்டை மாட்டி, மேல் பட்டன் வரை பூட்டி அனுப்பினேன். மழைக்கோட்டுக்குள் காற்றுக்கு வழியே இல்லை. பள்ளி போய்ச் சேரும் முன்பே பிள்ளை வியர்த்து நனைந்துவிட்டாள். கழுத்து வழியாக மழையும் உள்ளே இறங்கியிருக்கிறது. கம்பளி என்று நான் நினைத்திருந்தது உண்மையில் அக்ரிலிக். கடைகளில் பிள்ளைகளுக்கு விற்கிற ஸ்வெட்டர் பெரும்பாலும் அதுதான். ஆட்டுக் கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்டும் தொடுவதற்கு நனைந்ததுபோல் இராது. அக்ரிலிக்குக்கு அந்தக் குணம் கிடையாது. ஆறு வயதுப் பிள்ளைக்கு டையையும் ஸ்வெட்டரையும் தானாகக் கழற்றத் தெரியாது. சாயங்காலம் வரை அந்த ஈர மூட்டைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். அன்று இரவு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் முகத்தில் மாஸ்க் வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். அந்த மாஸ்க்குக்கு மேலே தெரிந்த கண்களை நான் இன்னும் மறக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அத்தை (என் மாமியார், மட்டாஞ்சேரியிலேயே பிறந்தவர்) என்னைத் திட்டவில்லை. பிள்ளையின் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்: "மோளே, இது உங்க ஊர் குளிரில்ல. இது ஈரம். ஈரத்துக்கு மேல போர்த்தினா ஈரந்தான் கூடும்."

அன்றுதான் மகள் சொன்ன அந்த வார்த்தை எனக்கு உறைத்தது. நான் ஊட்டியில் "குளிருது" என்று சொல்லி வளர்ந்தவள். என் பிள்ளைகள் மலையாளத்தோடு வளர்ந்ததால் "தணுக்குது" என்கிறார்கள். நாகர்கோவில் பக்கத்துத் தமிழிலும் தணுப்பு என்ற சொல் உண்டு. தண், தண்மை, தணுப்பு, தண்ணீர், எல்லாம் ஒரே வேர். இந்தக் கரையில் குளிருக்கும் நீருக்கும் ஒரே வேரை வைத்து வாழ்ந்திருக்கிறார்கள். ஆறு வயதுப் பிள்ளை வாசலில் நின்று எனக்குச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். எனக்குத்தான் காதில் 'குளிருது' என்று விழுந்திருக்கிறது.

இதில் கணக்கும் இருக்கிறது. அசையாத காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டைக் கடத்தும். துணி நம்மைக் காப்பதே இழைகளுக்கு நடுவே அது பிடித்துவைத்திருக்கிற காற்றால்தான். அந்த இடத்தில் தண்ணீர் புகுந்துவிட்டால், பிள்ளை துணியை உடுத்தியிருக்கவில்லை, தண்ணீரை உடுத்தியிருக்கிறது. அதோடு போகவில்லை. 100 கிராம் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 58 கிலோ கலோரி வெப்பம் வேண்டும், ஒரு பெரிய இட்லி தருகிற சக்தி. நனைந்த சட்டையும் சாக்ஸும் வகுப்பில் ஃபேனுக்குக் கீழே காயும்போது அதில் ஒரு பங்கைப் பிள்ளையின் உடம்புதான் கொடுக்கிறது. சின்ன உடம்பு எடைக்குத் தோல்பரப்பு அதிகமாக உள்ள உடம்பு. பெரியவர்களைவிடச் சீக்கிரம் சூட்டை இழக்கும். நம் பிள்ளைகள் காலையில் சாப்பிட்டுவிட்டுப் போகிற இட்லியில் ஒன்றை யூனிஃபார்ம் காய்வதற்குக் கொடுத்துவிட்டு வருகிறார்கள் என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு பதைக்கிறது.

என் கணவர் பஜார் ரோட்டில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை பார்க்கிறார். மிளகு, சுக்கு, ஜாதிக்காய். மட்டாஞ்சேரிக்கே ஈரம்தான் பரம்பரை எதிரி. எம்.ஜி.1 என்று சொல்கிற முதல் தர மலபார் மிளகில் ஈரப்பதம் 100-க்கு 11-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் பூசணம் பிடிக்கும், விலை போகாது. மழைக்காலத்தில் சாக்கு தரையில் படாமல் பலகை போட்டு அடுக்குவார்கள். சுவரிலிருந்து தள்ளி வைப்பார்கள். ஒரு பிடி அள்ளிக் குலுக்கி, சத்தத்தைக் கேட்டே சரக்கு காய்ந்ததா என்று சொல்கிறவர்கள் இந்தத் தெருவில் இருக்கிறார்கள். கணவரிடம் ஒருநாள் கேட்டேன்: "உங்க மிளகுக்குப் பாக்கற ஈரத்த நம்ம பிள்ளையோட சாக்ஸுக்கு யாருங்க பாக்கறது?" அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் இரண்டு பை ஈர யூனிஃபார்மையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வெளிக்கு அழைத்துப் போனார்.

வெளி என்றது ஃபோர்ட் கொச்சி வெளி. அங்கே இருக்கிற தோபி கானாவைச் சுற்றுலாப் பயணிகள் படம் எடுப்பார்கள். எனக்கு அது பள்ளிக்கூடம். அங்கே துவைப்பவர்கள் தமிழர்கள், வண்ணார் சமூகத்தார். வெள்ளைக்காரப் படைகளின் சீருடையைத் துவைக்கத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். குளங்களில் துவைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு 1976-ல் கொச்சி வளர்ச்சி ஆணையமான ஜி.சி.டி.ஏ. இப்போதுள்ள கட்டடத்தைக் கட்டிக் கொடுத்தது. ஆளுக்கொரு துவைக்கும் அறை, கல், தொட்டி. வெளியே மைதானம் முழுக்கக் கொடி. அந்தக் கொடியைத்தான் நான் முதலில் பார்த்துக்கொண்டே நின்றேன். இரண்டு கயிற்றை ஒன்றோடொன்று முறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். முறுக்கைக் கொஞ்சம் பிரித்து, துணியின் முனையை நடுவில் சொருகிவிடுகிறார்கள். கிளிப்பே கிடையாது. காற்று எவ்வளவு இழுத்தாலும் முறுக்கு இன்னும் இறுகிப் பிடிக்கும். துருக் கறையும் படாது.

அங்கே ஒரு பெரியவர். எழுபது வயதாவது இருக்கும். என் பையை வாங்கி, மகளின் வெள்ளைச் சட்டையை எடுத்து விரித்துப் பார்த்தார். அக்குள் ஓரத்திலும் காலர் மடிப்பிலும் மிளகு தூவினதுபோலக் கறுப்புப் புள்ளிகள். இங்கே அதைக் கரிம்பன் என்பார்கள். ஈரம் போகாமல் மடித்துவைத்த துணியில் பிடிக்கிற பூசணம். பிடித்தபின் அதைப் போக்குவது லேசுப்பட்ட காரியமில்லை.

"எங்க காயப் போடுற தாயி?"

"வீட்டுக்குள்ளதான் ஐயா. ஃபேனுக்குக் கீழ, நாற்காலி முதுகுல."

"நாற்காலில போட்டா ஒரு பக்கந்தான் காயும். துணி காயுறது வெயில்ல இல்ல தாயி, காத்துல. துணிக்கும் துணிக்கும் நடுவுல காத்து பூந்து போவணும். மழை நாளு ஒண்ணு, வெயில் நாளு ஒண்ணுன்னு இல்ல. காத்துக்கு வழி விட்டா என்னிக்கும் காயும்."

பிறகு எனக்கு ஈரம் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். நான் கையால் பிடித்து அழுத்தித்தான் பார்ப்பேன். அவர் சட்டையின் காலரை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்தார். "கை ஏமாத்தும். நாள் பூரா தண்ணியில கெடக்குற கை, அதுக்கு என்ன தெரியும்? கன்னம் ஏமாத்தாது." பாவாடையில் இடுப்புப் பட்டி, கால்சட்டையில் பாக்கெட்டின் உள்துணி, சட்டையில் காலரும் பட்டன் பட்டையும், சாக்ஸில் மேல்விளிம்பு, இவை நாலும் காயாமல் துணி காய்ந்ததென்று சொல்லக் கூடாது என்றார். தையல் உள்ள இடத்தில் துணி இரண்டு மூன்று மடிப்பாக இருக்கும். பிள்ளையின் இடுப்பிலும் கழுத்திலும் கணுக்காலிலும் ஒட்டிக்கொண்டிருப்பதும் அந்த இடங்களேதான்.

அவர் சொன்ன இன்னொன்று நான் வருஷக்கணக்காகச் செய்துவந்த தப்பைக் காட்டியது. அரை ஈரத் துணியை இஸ்திரி போட்டுச் சூட்டோடு மடித்துவைத்துவிடுவேன். சூடாக இருப்பதால் காய்ந்ததுபோலத் தோன்றும். பெட்டி துணியிலிருந்து ஆவியைக் கிளப்புகிறது, அந்த ஆவி போக இடம் வேண்டும். மடித்துவிட்டால் மடிப்புக்குள்ளேயே திரும்ப ஈரமாக உட்கார்ந்துவிடும். முதலில் உள்பக்கம் திருப்பித் தையல்மேல் தேய்க்க வேண்டும், பிறகு வெளிப்பக்கம், அதற்குப் பிறகு பத்து நிமிஷமாவது ஹாங்கரில் தொங்க வேண்டும். காலை ஆறே முக்காலுக்கு இஸ்திரி போட்டு ஏழு மணிக்கு உடுத்திவிட்டால், பிள்ளை ஆவியை உடுத்திக்கொண்டு கிளம்புகிறது.

கிளம்பும்போது கேட்டேன், "ஐயா, பள்ளிக்கூட யூனிஃபார்ம் துவைக்க எவ்வளவு?" அவர் தொகை சொன்னார். பிறகு, "பட்டாளத்துச் சட்டை துவைக்க வந்தவங்கதான் எங்க பாட்டன் பூட்டன். சிப்பாய்க்கு ஈரச் சட்டை குடுத்தா அடி விழும். பிள்ளைக்கு ஈரச் சட்டை குடுத்தா யாரும் கேக்க மாட்டாங்க" என்றார். குரலில் கோபம் எதுவும் இல்லை. எனக்கு மட்டும் அந்தப் பேச்சு இன்றுவரை தைத்துக்கொண்டிருக்கிறது.

கேரளத்தில் பள்ளி திறப்பதும் தென்மேற்குப் பருவமழை இறங்குவதும் ஏறக்குறைய ஒரே நாள், ஜூன் 1. புதுப் பை, புதுக் குடை, புது யூனிஃபார்ம், அதன்மேல் முதல் மழை. இங்குள்ளவர்களுக்கு அது பண்டிகைபோல. பக்கத்து ஜில்லாவான ஆலப்புழையில் 1954-ல் ஆரம்பித்த செயின்ட் ஜார்ஜ் குடைக்கடை ஒரு குடும்பத்தொழிலாக வளர்ந்து, 1995-ல் பாப்பி, ஜான்ஸ் என்று இரண்டாகப் பிரிந்தது. இரண்டும் ஒவ்வொரு மே மாதமும் பிள்ளைகளுக்காகப் புதுப்புதுக் குடைகளோடு போட்டிபோடும். என் மகனுக்கு மே பாதியிலேயே குடை ஆசை தொடங்கிவிடும். ஆனால் கொச்சியில் ஒரு வருஷத்துக்குப் பெய்கிற மழை 3,000 மில்லிமீட்டர் அளவில், சென்னையைப்போல இரண்டு மடங்கு. அதிக மழை ஜூன், ஜூலையில். 2025-ல் மழை மே 24-ஆம் தேதியே கேரளத்துக்கு வந்துவிட்டது. ஜூன் 2-ஆம் தேதி பள்ளி திறந்தபோது ஊரே ஊறிப்போயிருந்தது. அத்தனை தண்ணீருக்கும் ஒரு குடை என்ன செய்யும்? தலையும் தோளும் தப்பிக்கும். கல்வத்திக் கால்வாய்ப் பக்கம் நடந்து வருகிற பிள்ளைக்கு முழங்காலுக்குக் கீழே எதுவும் தப்பிக்காது.

முதலில் நனைவது ஷூ. பிறகு சாக்ஸ். பிறகு பாவாடை விளிம்பு அல்லது கால்சட்டையின் அடிப்பகுதி. அங்கிருந்து ஈரம் திரி ஏறுவதுபோல மேலே ஏறும். கடைசியாகத்தான் முதுகு, அதுவும் பையிலிருந்து. மழைக்கோட்டின்மேல் பையை மாட்டினால் பை நனைந்து, கோட்டைக் கழற்றியபின் அந்த ஈரப் பை முதுகோடு ஒட்டும். அதனால் பின்பக்கம் பைக்கு இடம் விட்டுத் தைத்த மழைக்கோட்டுதான் நான் இப்போது வாங்குகிறேன். இரண்டு அளவு பெரிதாக. பெரிதாக இருந்தால் உள்ளே காற்று ஓடும், வியர்வை தங்காது.

ஷூவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் எண்ணத்தில் பாதி வியாதி அங்கேதான். கறுப்பு ஷூ ஒருமுறை உள்வரை நனைந்தால் மழைக்காலத்தில் இரண்டு நாளில்கூட முழுசாகக் காயாது. பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் மாற்ற வேண்டும். உள்ளே போட்டிருக்கிற மெத்தைத் துண்டைத் தனியே எடுத்துவிட வேண்டும். அப்படியும் மறுநாள் காலை கன்னத்தில் வைத்துப் பார்த்தால் தணுக்கும். அந்த ஷூவுக்குள் காய்ந்த சாக்ஸைப் போட்டு என்ன பயன்? விரலிடுக்கில் சேற்றுப்புண் வருவது அதனால்தான். புண் இருக்கிற காலோடு தேங்கிய தண்ணீரில் நடந்தால் எலிக்காய்ச்சலுக்கு வாசலைத் திறந்துவிட்டதுபோல. எலி மூத்திரம் கலந்த தண்ணீரிலிருந்து கிருமி உள்ளே போக ஒரு சின்னக் கீறல் போதும். இந்தப் பயம் மிகையில்லை. மழைக்காலத்தில் கேரளத்துச் சுகாதாரத் துறை திரும்பத் திரும்ப எச்சரிப்பது இதைத்தான். 2023 ஜூனில் ஒரே நாளில் காய்ச்சலுக்காக அரசு ஆஸ்பத்திரிகளுக்குப் போனவர்கள் பத்தாயிரத்தைத் தாண்டிய நாட்கள் இருந்தன.

ஈரத்தால் மட்டுமே காய்ச்சல் வருவதில்லை, காய்ச்சலுக்குக் கிருமி வேண்டும் என்று டாக்டர்கள் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இழுப்பு உள்ள பிள்ளைக்குக் குளிர்ந்த காற்றும் பூசணமும் என்ன செய்யும் என்று என் வீட்டில் பார்த்துவிட்டேன். கிருமி எதுவுமே வராவிட்டாலும், ஆறு மணி நேரம் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்குப் பாடம் எப்படி ஏறும்? மழைநாளில் என் மகனின் நோட்டில் கையெழுத்து கோணிக்கொண்டு போயிருக்கும். விரைத்த விரலில் பென்சில் நிற்பதில்லை.

அதனால் எங்கள் வீட்டில் பையோடு இன்னொரு சின்னப் பை போகும். மீன்கடையில் கொடுப்பதுபோன்ற மெல்லிய உறை வேண்டாம், ஜிப் வைத்த கெட்டி உறை வேண்டும். உள்ளே ஒரு மெல்லிய பருத்தித் துண்டு, ஒரு பனியன், ஒரு ஜட்டி, ஒரு ஜோடி சாக்ஸ். முழு யூனிஃபார்ம் இன்னொன்று கொடுத்தனுப்ப எல்லோராலும் முடியாது, எங்களாலும் முடியாது. ஆனால் மேல்சட்டை கொஞ்சம் நனைந்திருந்தாலும் தோலை ஒட்டிய துணி உலர்ந்திருந்தால் நடுக்கம் நின்றுவிடும். இதை நான் என் இரண்டு பிள்ளைகளிடமும் பார்த்திருக்கிறேன். பள்ளிக்குப் போனதும் துண்டால் காலைத் துடைத்து, விரலிடுக்கையும் துடைத்து, சாக்ஸ் மாற்ற வேண்டும். மகனுக்கு இதைப் பழக்க மே மாதம் முழுக்க வீட்டில் ஒத்திகை பார்த்தோம். ஈரத்தையெல்லாம் அதே உறையில் போட்டு ஜிப்பை மூடத் தெரிந்த நாளில் அவனுக்குப் புதுக் குடை வாங்கிக் கொடுத்தேன்.

தலைமுடி இன்னொன்று. பெண்பிள்ளைகளுக்கு இரட்டைப் பின்னல் கட்டாயம் என்ற பள்ளிகளில், காலையில் தலைக்குக் குளித்து ஈரத்தோடு பின்னி ரிப்பன் கட்டினால் சாயங்காலம் அவிழ்க்கும்போதும் உள்ளே ஈரம் இருக்கும். மழைக்காலத்தில் தலைக்குக் குளிப்பதை முதல்நாள் சாயங்காலத்துக்கு மாற்றிவிட்டேன். நனைந்து வந்தால் துவட்டிவிட்டு அத்தை உச்சந்தலையில் ராஸ்னாதி என்ற மூலிகைப் பொடியைத் தேய்ப்பார். அதன் மணம் பரவியதும் பிள்ளைகள் அமைதியாகிவிடுவார்கள். அதற்குள் அடுப்பில் சுக்குக் காப்பி கொதித்திருக்கும்.

இவ்வளவும் வீட்டில் நாங்கள் செய்வது. இதோடு முடிந்தால் இந்தப் பதிவையே எழுதியிருக்க மாட்டேன். யூனிஃபார்ம் என்பது நாங்கள் தேர்ந்தெடுத்த உடுப்பில்லை. துணி, தையல், ஷூ, டை எல்லாம் பள்ளி சொல்வது. அப்படியானால் மழையில் அது எப்படி இருக்கும் என்று யோசிக்கிற பொறுப்பும் பள்ளிக்கு உண்டு.

துணியையே எடுங்கள். காற்றில் உள்ள ஈரத்திலிருந்தே பருத்தி தன் எடையில் 100-க்கு 8 பங்கு வாங்கும். பாலியெஸ்டர் அரைப் பங்குகூட வாங்காது. மழைக்குக் கெட்டிப் பருத்தி நல்லதில்லை, ஒருநாளில் காயாது. முழுப் பாலியெஸ்டரோ வியர்வையை வெளியே விடாது. இரண்டும் கலந்த மெல்லிய துணிதான் இங்கே பொருந்தும் என்பது என் அனுபவம். ஆனால் பல பள்ளிகளில் கனமான கால்சட்டைத் துணியும், மடிப்பு மடிப்பாகப் பாவாடையும், அதற்குமேல் ஓவர்கோட்டும். மடிப்புப் பாவாடை நனைந்தால் அதன் எடையை எட்டு வயதுப் பெண் இடுப்பில் சுமக்க வேண்டும்.

இதே எர்ணாகுளம் ஜில்லாவில், பெரும்பாவூருக்குப் பக்கத்தில் வளையஞ்சிறங்கரை அரசுத் தொடக்கப் பள்ளியில் ஆண் பெண் எல்லோருக்கும் முழங்கால் அளவில் முக்கால் கால்சட்டையும் சட்டையும் என்று மாற்றினார்கள். ஆணும் பெண்ணும் சமம் என்பதற்காகச் செய்தது, அதற்காகவே நாடு முழுக்கப் பேசப்பட்டது. எனக்கு அந்தப் படத்தைப் பார்த்ததும் மழைதான் நினைவுக்கு வந்தது. முழங்காலோடு நிற்கிற கால்சட்டை தேங்கிய தண்ணீரைத் தொடாது. ஈரம் மேலே ஏற வழியில்லை. கால் நனைந்தாலும் துண்டால் ஒரு துடைப்பு, தோல் காய்ந்துவிடும். துணியைவிடத் தோல் சீக்கிரம் காயும் என்பது எளிய உண்மை. அதை வைத்து யூனிஃபார்ம் தைத்தால் என்ன?

2025 ஜூலை கடைசியில் கல்வி அமைச்சர் வி. சிவன்குட்டி, ஏப்ரல் மே விடுமுறையை மழை கொட்டுகிற ஜூன் ஜூலைக்கு மாற்றலாமா என்று பொது விவாதத்துக்கு விட்டார். எங்கள் தெருவில் அன்று அதே பேச்சு. நான் ரொம்ப யோசித்தேன். மழைக்குத் தப்பினால் பிள்ளைகள் ஏப்ரல் மே வெயிலில் அதே துணியில், அதே டையோடு வேக வேண்டும். அப்புறம் துலாவர்ஷம் என்கிற வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வரத்தான் போகிறது, அதுவும் சரியாகப் பள்ளி விடுகிற பிற்பகலில், இடியோடு. மாதத்தை மாற்றுவதைவிடத் துணியை மாற்றுவது சுலபம். 2024 ஏப்ரலில் வெயிலுக்காகக் கேரள உயர் நீதிமன்றம் வழக்கறிஞர்களுக்குக் கறுப்பு கவுன் கட்டாயமில்லை என்று கோடை முடியும் வரை விலக்குக் கொடுத்தது. நீதிமன்றத்தின் மரியாதை அதனால் ஒன்றும் குறையவில்லை. மழை முடியும் வரை பிள்ளைகளுக்கு ஷூவிலிருந்து விலக்குக் கொடுத்தால் பள்ளியின் மரியாதை குறையாது.

சில வருஷங்களுக்கு முன் மகளின் பள்ளிக்கு இதைத்தான் எழுதிக் கொடுத்தேன். மழைநாளில் ஷூவுக்குப் பதில் பின்பட்டை வைத்த ரப்பர் செருப்பு போட அனுமதியுங்கள் என்று. விதி விதிதான் என்று பதில் வந்தது. எனக்குத் தூக்கம் வரவில்லை. பிறகு பெற்றோர் கூட்டத்தில் நாலைந்து தாய்மார் சேர்ந்து பேசினோம். ஒரு சேச்சி எழுந்து நின்று தன் மகனின் காலில் இருந்த புண்ணை ஃபோனில் படமாகக் காட்டினார். அதற்குப் பிறகு யாரும் விதியைப் பற்றிப் பேசவில்லை. அந்த ஜூலையிலிருந்து மழைக்காலத்தில் செருப்புக்கு அனுமதி கிடைத்தது. வகுப்பு டீச்சர் ஒருவர் தானாகவே முன்வந்து வகுப்பின் பின்சுவரில் ஒரு கொடி கட்டினார். மழைக்கோட்டெல்லாம் வராந்தாவில், சாக்ஸும் துண்டும் உள்ளே ஃபேனுக்கு நேராக. நான் போய்ப் பார்த்தேன். நாற்பது ஜோடி சின்னச் சாக்ஸ் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அழுதுவிட்டேன்.

எல்லாப் பள்ளியிலும் அந்தக் கயிறு வேண்டும். ஊட்டிப் பிள்ளைக்கு ஸ்வெட்டர் யூனிஃபார்மின் பங்கு என்றால், மட்டாஞ்சேரிப் பிள்ளைக்கு உலர்ந்த சாக்ஸ் யூனிஃபார்மின் பங்கு.

நேற்றும் இரவெல்லாம் மழை. காலையில் மகனுக்கு யூனிஃபார்ம் எடுத்துவைத்துவிட்டு இட்லித் தட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். மகள் தம்பியின் கால்சட்டையை எடுத்தாள். பாக்கெட்டை வெளியே இழுத்து, உள்துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

"இன்னும் தணுக்குதும்மா" என்று என்னிடம் நீட்டினாள்.

அடுப்பைத் தணித்துவிட்டு இஸ்திரிப் பெட்டியைப் போட்டேன்.